பனியன் முயல்

என் வீட்டுக்காரர் அங்கப்பனுக்குப் படம் வராமல் போனது தொண்ணூற்றைந்தாம் வருசம், மாசி மாதத்தில். கை உடையவில்லை, கண் கெடவில்லை. பென்சிலைப் பிடித்தால் பென்சில் ஓடத்தான் செய்தது. ஆனால் ஓடிய ஓட்டமெல்லாம் பழைய ஓட்டம். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கே அப்போது புரியவில்லை. புரியாத கோபத்தில் நான் பேசிய பேச்சுக்கு வேறு மனுசனாக இருந்தால் வீட்டை விட்டே ஓடியிருப்பான்.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறவர். ஜெர்மனியில் குழந்தைகள் வெயில் காலத்தில் போட்டுக்கொள்கிற பனியனின் நெஞ்சில் ஒரு முயலோ மீனோ குடை பிடித்த கரடியோ இருக்குமே, அதெல்லாம் இவர் கையால் பிறந்தவை. ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே, அமராவதி ஆற்றோரம். பத்தாவதில் பெயிலாகிவிட்டு டிராக்டர் பெட்டிகளுக்கு மயிலும் தாமரையும் எழுதிக்கொண்டிருந்த ஆள், திருப்பூருக்குப் போய் இந்தக் கம்பெனியின் பிரிண்டிங் பட்டறையில், படம் அச்சடிக்கிற ஸ்க்ரீன்களைக் கழுவச் சேர்ந்தார். ஒருநாள் டிசைன் தாளில் தண்ணீர் கொட்டி ஒரு நாயின் பாதி அழிந்துபோனது. யாரும் பார்ப்பதற்குள் மீதி நாயை இவரே வரைந்து வைத்துவிட்டார். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது தொங்கும். அந்தக் காதைப் பார்த்துத்தான் முதலாளி சென்னகிருஷ்ணன் இவரை மேசையில் உட்கார வைத்தார். நான் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். ஓட்டை விழுந்த பனியனைப் பார்த்துத் தனியே எடுத்துப் போடுகிற வேலை. அந்த நாயைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு எங்களைக் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

முதலில் வாரத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். ஏற்றுமதி பெருகப் பெருக நாளுக்கு இரண்டு மூன்று என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமையும் மேசைதான். சோற்றுத் தட்டின் ஓரத்தில் குழம்பைத் தொட்டு மீன் வரைவார். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வலது கால் மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் கால் ஆட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகள் மோகனப்பிரியா அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் சிலேட்டுப் பலகையை அவரிடம் நீட்டி முயல் போடச் சொன்னாள். அவர் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுக் கொடுத்தார். குழந்தை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“இது பனியன் முயலுப்பா. எனக்கு வேற முயலு.”

அழித்துவிட்டு இன்னொன்று போட்டார்.

“இதுவும் பனியன் முயலுதான்.”

மூன்றாவது தடவை பல்பம் பலகையின் மேல் நின்றது. நகரவே இல்லை. குழந்தை விளையாட ஓடிவிட்டாள். அவர் அந்த வெறும் பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஜெர்மனிக்காரரும் அதையேதான் சொன்னார். அனுப்பிய படங்களெல்லாம் போன வருசத்துச் சாயல், புதிதாக வேண்டும் என்று ஃபேக்ஸ் வந்தது.

இவர் நேராக முதலாளி ரூமுக்குப் போனார். கதவு திறந்திருந்தது, நான் பனியன் கட்டோடு வெளியில் நின்றிருந்தேன்.

“பதினஞ்சு நாளு லீவு வேணுங்க.”

“எதுக்கு? யாருக்காவது சீக்கா?”

“இல்லீங்க. ஒண்ணும் வரையாம இருக்கோணுங்க.”

முதலாளிக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் கட்டிங் மாஸ்டராக இருந்து மேலே வந்தவர்; ஓய்வு என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது. “அங்கப்பா, ஃபேனுக்கடியில உக்காந்து முயல் போடறே. ஓவர்லாக் மிசின்ல தைக்கறவன் கேட்டா நாயம். சும்மா இருக்கறதுக்கு எந்த ஊர்ல லீவு குடுக்கறாங்க? சரக்கு வாங்கற ஜெர்மனி பையர் கோயமுத்தூருக்கு வரப்போறான். இப்பப் போய்…”

அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் என் பங்குக்குப் பிடித்துக்கொண்டேன். சோறு போடுகிற மேசையை வேண்டாமென்று எழுந்து வருகிறவனை என்னவென்று சொல்வது? அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றைச் சொன்னார்.

“கெணறு ஊறோணும் ராசாத்தி. ஊற உடாம எறச்சுட்டே இருக்கறாங்க.”

ஊரிலிருந்து ஆள் வந்து நோம்பி சாட்டப்போகிறார்கள் என்று சொன்னது அந்தச் சமயத்தில்தான். எங்கள் பக்கம் மாரியாத்தா திருவிழாவுக்கு நோம்பி என்று பேர், அதை நாள் குறித்து அறிவிப்பதுதான் சாட்டுவது. திருப்பூரில் எந்த முதலாளியும் எதற்கு மறுத்தாலும் நோம்பிக்கு மறுக்க மாட்டார். சென்னகிருஷ்ணனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “போய்ட்டு வா, ஆத்தா காரியத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன்” என்றார். எல்லாரையும் போல மூன்று நாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இவர் அதைத் திருத்தவில்லை.

ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி நான் இடுப்பை நிமிர்த்துவதற்குள், மனுசன் கோவிலுக்குப் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். மஞ்சள் துண்டு கோத்த நூல். பூவோடு எடுக்கிறாராம், அதாவது தீச்சட்டி. காப்புக் கட்டியவன் கோவில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடுகிற நாள் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, கேட்ட பதினைந்து நாளையும் ஆத்தாளிடம் வாங்கிக்கொண்டுவிட்டார் என்று.

“வேலை போயிருமுங்க,” என்றேன்.

“போகாட்டி நான் போயிருவேன்,” என்றார். வேடிக்கைக்குச் சொன்ன மாதிரி இல்லை.

முதல் சில நாள் தூங்கினார். அப்படியொரு தூக்கத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. அப்புறம் வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். துண்டை எடுத்துக்கொண்டு போவார், குளிக்காமலே திரும்பி வருவார். “அப்படி வாய்க்கால்ல என்னங்க இருக்குது?” என்று கேட்டால், “தண்ணி” என்பார். எனக்கு வயிறெரிந்தது. கால் ஆட்டம் நின்றுவிட்டதை மட்டும் நான் கவனித்தேன்.

பிறகு ஒரு காலையில் வாசலில் மாருதி வேன் வந்து நின்றது. இறங்கியவர் சென்னகிருஷ்ணன். கையில் தாள் கட்டும் பென்சில் டப்பாவும் இருந்தன. இவர் உள்ளே படுத்திருந்தார்.

“அம்மணி, காப்புக் கட்டிட்டான்னு சொன்னாங்க. நான் கூட்டிட்டுப் போக வரலே. எனக்கும் ஆத்தா மேல பயமிருக்குது. இங்கயே உக்காந்து போட்டுத் தரட்டும். மூணே மூணு படம். வண்டிய அனுப்பி வாங்கிக்கறேன்.”

அந்த டப்பாவைப் பார்த்ததும் என் கண்முன்னால் அந்த வெறும் பலகைதான் வந்தது. இந்த டப்பா வீட்டுக்குள் போனால் கால் மறுபடியும் ஆடத் தொடங்கிவிடும், வருவது பழைய முயலாகத்தான் இருக்கும், மனுசன் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். அதுவரை முதலாளி பக்கம் நின்று வக்காலத்து வாங்கியவள் நான். என் வாய் எனக்கு முன்னால் திறந்துகொண்டது.

“முடியாதுங்க. அவரு ஆத்தாளுக்கு நேந்துட்டாருங்க. கம்பம் எடுக்கற வரைக்கும் பென்சிலு தொடறதில்லைன்னு நேந்திருக்கறாரு.”

பச்சைப் பொய். அப்படி ஒரு நேர்த்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சொன்னதாவது என்னோடும் முதலாளியோடும் போயிருக்கக் கூடாதா? பூசாரி மாரப்பன் வேப்பிலைக் கட்டோடு சரியாக அப்போதுதான் வாசலைக் கடந்துகொண்டிருந்தார். நின்று காது கொடுத்துக் கேட்டார்.

“பாத்தீங்களா மொதலாளி, எங்கூர்க்காரனை! கைவேலைக்காரன் கையையே ஆத்தாகிட்ட குடுத்துட்டான்!” என்றார் பெருமையாக.

சென்னகிருஷ்ணன் டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோவில் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அப்படியே வண்டி ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஊரே இவர் கையைக் காவல் காத்தது. கூட்டுறவு சங்கத்தில் கையெழுத்துக் கேட்டபோது எழுத்தர் பேனாவை எடுத்து ஒளித்துவிட்டு மை டப்பாவை நீட்டினார். இவரும் சிரிக்காமல் பெருவிரலை உருட்டிவிட்டு வந்தார். என் பொய்யைக் காப்பாற்றத்தான் நடிக்கிறார் என்று நினைத்தேன். நன்றாகத்தான் நடிக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரியாவுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் விடியும்போது கழுத்திலும் வயிற்றிலும் நீர் கோத்த கொப்புளங்கள். அம்மை.

அம்மையை எங்கள் பக்கம் சீக்கு என்று சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். மாரியாத்தாளின் நோம்பியில், மாரியாத்தாளின் பேரில் பொய் சொன்னவள் வீட்டுக்கு அவளே வந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை சொருகினேன், தாளிப்பதை நிறுத்தினேன், குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தாராபுரத்து டாக்டர் இது எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பினார். அவருக்கென்ன தெரியும், நான் என்ன சொன்னேன் என்று? பொய் சொன்னவளை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்தாயே, இது நாயமா என்று மனசுக்குள் ஆத்தாளோடு சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு, அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

அந்த நிலைமையில் முதலாளி இரண்டாம் தடவை வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். இவர் எழுந்து போனார். நான் சன்னல் ஓரம் நின்று கேட்டேன்.

“அங்கப்பா, நானும் பொறுத்துப் பாத்துட்டேன். வெள்ளிக்கெழமை காலைல பையர் கோயமுத்தூர்ல உக்காந்திருப்பான். வியாழக்கெழமை மத்தியானந்தான் உங்க கம்பம் எடுக்கறாங்க. என்ற கதி என்ன? மெட்ராஸ்ல இருந்து ஒரு பையனை வரச் சொல்லியிருக்கறேன். அவன் போட்டது நல்லா அமைஞ்சுபோச்சுன்னா அந்த மேசை அவனுக்குத்தான். உன்ற மேல எனக்கு ஒரு கோவமும் இல்லே. ஆனா நானும் நாலு பேருக்குச் சோறு போடோணுமில்ல.”

“சரிங்க,” என்றார் இவர். அவ்வளவுதான்.

உள்ளே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏனுங்க, அது நான் அடிச்சுவிட்ட பொய்தானுங்க. நீங்க நேரவும் இல்லே, ஒண்ணும் இல்லே. கதவைச் சாத்திக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது. மூணு படம் போட்டுக் குடுத்துருங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“பென்சிலு தொட மாட்டேன்.”

“என்றகிட்ட எதுக்குங்க நடிக்கறீங்க? ஊரு நம்புச்சுன்னா நானுமா நம்பணும்?” என் குரல் உயர்ந்துவிட்டது. “வராதுன்னு பயம், அதுதானே? அதை ஒத்துக்கங்க!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பயந்தான். தொட்டுப் பாத்து வரலைன்னா அப்பறம் நான் ஆருன்னு எனக்கே தெரியாது. ஆனா தொடாததுக்குக் காரணம் அது இல்லே,” என்றார். என்ன காரணம் என்று கேட்கிற நிதானம் எனக்கு இல்லை. நீங்களும் உங்கள் வாய்க்காலும் நாசமாய்ப் போங்கள் என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அவர் கையில் படம் இல்லையென்றால் அந்த மனுசன் இல்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் திட்டினேன்.

குழந்தைக்கு அரிப்பு தாங்கவில்லை. சொறிந்தால் தழும்பாகிவிடும் என்று கையில் துணி சுற்றி வைத்திருந்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவப் போனால் கிண்ணத்தைத் தட்டிவிடுவாள். புதன்கிழமை மத்தியானம் அவள் கத்திய கத்தலில் நான் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து கட்டிலின் கீழே உட்கார்ந்தார். ஒரு வேப்பங்கொழுந்தைக் கிள்ளிக் கிண்ணத்து விழுதில் தொட்டார்.

“கண்ணு, சித்த சொறியாம இரு. கையில இங்க ஒரு கண்ணு முழிச்சுப் பாக்குது. ஆரு கண்ணுன்னு பாக்கலாமா?”

முழங்கைக்குக் கீழே தனியாக இருந்த ஒரு கொப்புளத்தைச் சுற்றிக் கோடு ஓடியது. கழுத்து வந்தது, அலகு வந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு காக்கை வடை தேடியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இது?” என்று தோளைக் காட்டினாள்.

“அது மூக்குத்தி. ஆரு போட்ட மூக்குத்தியோ தெரியலே.” தோளில் ஒரு யானை வந்தது, மூக்குத்தி போட்ட யானை. தும்பிக்கையில் மூக்குத்தி எங்கே போடுவது என்று அதற்கே குழப்பமாக இருந்தது. குழந்தை சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முழங்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொப்புளங்கள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அங்கே வந்ததும் அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டார். ஓரக்கண்ணால் பார்க்கிற ஒரு முயல். எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றது.

“பிரியா, இது பனியன் முயலா?” அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

குழந்தை முழங்காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். “இல்லப்பா. இவன் திருட்டு முயலு. நம்ம கேரட்டை எடுத்துட்டான்.”

அவர் தலையைக் கட்டிலின் சட்டத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பென்சிலைத் தொடமாட்டார் என்றுதானே சொன்னேன், வேப்பங்கொழுந்தைச் சொல்லவில்லையே என்று ஆத்தாளுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பொழுது இறங்குவதற்குள் குழந்தையின் கையிலும் காலிலும் முதுகிலும் இடமே இல்லை.

வியாழக்கிழமை காலையில் பிரியாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்திருந்தோம். கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர்க் குடத்தை நான் தூக்கியபோது கேட்டருகில் வேன் சத்தம். சென்னகிருஷ்ணன் இறங்கினார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாக இருந்தார். மெட்ராஸ் பையனின் தாள்கள் கையில் சுருண்டிருந்தன.

“நல்லாத்தான் போட்டிருக்கறான். ஆனா நம்ம பழைய முயலையே இவனும் போட்டிருக்கறான், அங்கப்பா,” என்று தொடங்கியவர் முற்றத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். அப்படியே கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். “எனக்கு சின்னதுலயே அம்மை வந்து போயிருச்சு, பயமில்லே,” என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தார். காக்கையைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், முழங்கால் முயலைப் பார்த்துவிட்டுக் குந்தியே உட்கார்ந்துவிட்டார்.

“அம்மணி, தண்ணி ஊத்தாதே! கொடத்தைக் கீழ வை. தாராபுரத்துல போட்டோ ஸ்டுடியோக்காரனைக் கூட்டியாரச் சொல்றேன். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம்.”

“வேண்டாமுங்க,” என்றார் இவர். “அது பாப்பாவுக்குப் போட்டது. ஆத்தா வெச்ச புள்ளிமேல போட்டது. அதைத் துணியில அடிச்சு விக்கக் கூடாதுங்க.”

“அட கிறுக்கா! உன்ற மேசை, உன்ற பொழப்பு, எல்லாம் இந்தப் புள்ள மேல இருக்குது! அம்மணி, நீயாவது சொல்லு!”

குடம் என் இடுப்பில் கனத்தது. நான் சும்மா நின்றால் போதும். ஸ்டுடியோக்காரன் வருவான், மேசை எங்களுடையதாகவே இருக்கும். ஊற்றிவிட்டால் மத்தியானம் காப்பை அவிழ்த்த பிறகு அவர் கையில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றும் வராமல் போனால்? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பதற்றமே இல்லை. கோடு போட்டவர் அதை அப்போதே மறந்துவிட்டு, குழந்தையின் தலையில் பட்ட வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்காலைப் பார்த்த அதே பார்வை.

நான் குடத்தைக் கவிழ்த்தேன். யானை கரைந்தது, காக்கை கரைந்தது, முயல் முழங்காலிலிருந்து வழிந்து மண்ணில் பச்சையாய் ஓடியது. குழந்தை குளிரில் கீச்சென்று கத்தினாள். சென்னகிருஷ்ணன் இரண்டு கையையும் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அவர் போகவில்லை. எங்கே போவார்? கொட்டுமேளத்துக்குப் பின்னால் ஊரோடு சேர்ந்து ஆற்றுக்கு நடந்தார். கம்பத்தைப் பிடுங்கி அமராவதியில் விட்டார்கள். மாரப்பன் பூசாரி ஒவ்வொருவர் காப்பாக அறுத்துத் தண்ணீரில் போட்டார். இவருடைய நூல் அறுந்ததும் முதலாளி தண்ணீருக்குள்ளேயே வந்து நின்று பென்சில் டப்பாவை நீட்டினார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறி வேன் மேல் தாளை வைத்தார். முதல் கோடு இழுப்பதற்குக் கொஞ்ச நேரமானது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று கணக்கில்லை. பிறகு கை ஓடியது. குடத்துக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஆடு. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மீன். எருமையின் முதுகில் குறட்டை விடுகிற கொக்கு. இவற்றையெல்லாம் அந்த வாய்க்கால் கரையில் உட்கார்ந்துதான் பிடித்து வைத்திருந்தார் போல. அவர் கால் ஆடவில்லை. ஒரு தாள் முடிய முடிய சென்னகிருஷ்ணன் இழுத்துக்கொண்டார். கடைசித் தாளைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்கத் திரும்பி நின்றுகொண்டு டிரைவரைப் பார்த்து, “வண்டியை எடுய்யா, வேடிக்கை பாத்துட்டு நிக்கறே!” என்று கத்தினார்.

ஜெர்மனிக்காரர் ஆட்டையும் கொக்கையும் எடுத்துக்கொண்டார், மீனை வேண்டாமென்றார். மெட்ராஸ் பையனுக்கும் பக்கத்தில் ஒரு மேசை போட்டார்கள். வேலை இரண்டாகப் பிரிந்ததில் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. வருசா வருசம் நோம்பி சாட்டியதும் இவர் காப்புக் கட்டிக்கொள்வார். முதலாளி முணுமுணுப்பார், தடுக்க மாட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வேன் கிளம்பிப் போன பிறகு ஆற்றங்கரையில் கூட்டம் கலைந்தது. நான் தண்ணீரில் இறங்கி நின்று ஆத்தாளிடம் அழுதேன். உன் பேரில் பொய் சொன்னேன், என் பிள்ளையை விட்டுவிட்டாய், இனி என்னை என்ன செய்தாலும் சரி என்று வாய்விட்டே சொன்னேன். பின்னால் அவர் நின்றிருந்தது தெரியவில்லை.

“எந்தப் பொய்யி?” என்று கேட்டார்.

“அன்னிக்கு வாசல்ல சொன்னனே, நீங்க நேந்துட்டதா.”

“நான் உள்ள படுத்திருந்தேன். நீ சொன்னது காதுல உளுந்துது. உளுந்ததும் எந்திரிச்சு உக்காந்து கும்பிட்டேன். அப்படியே ஆகட்டும் ஆத்தா, கம்பம் எடுக்கற வரைக்கும் தொடமாட்டேன்னு நேந்துட்டேன்.” அவர் மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார். “உன்ற வாயில வந்தது பொய்யாப் போகக் கூடாதில்ல.”

எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அந்தப் பெருவிரல் ரேகை நடிப்பில்லை. அன்றைக்குப் பென்சில் தொடமாட்டேன் என்றதும் பிடிவாதம் இல்லை. இதைச் சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் செத்துப் பிழைத்திருக்க வேண்டாமே! அழுதுகொண்டே அவர் நெஞ்சில் இரண்டு அடி வைத்தேன்.

“ஏனுங்க, ஆத்திர அவசரத்துல எனக்கு என்ன வாயில வருதுன்னே தெரியாது. அன்னிக்கு நான் ‘இனி ஆயுசுக்கும் பென்சிலு தொடமாட்டாரு’ன்னு சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். நான் கேட்டதற்கு அவர் யோசித்துப் பதில் சொல்வது அபூர்வம்.

“தொட்டிருக்க மாட்டேன்,” என்றார்.

அதற்கப்புறம் நான் எந்தச் சாமி பேரிலும் வாயைத் திறப்பதில்லை.